மின்காருக்கு வீட்டில் சார்ஜ்: எத்தனை கிலோவாட், எத்தனை மணி நேரம்? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கார் வாங்கியவர்களும், வாங்கலாமா என்று கணக்குப் போடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. பெரும்பகுதி, தரைவீட்டில் சொந்தமாக சார்ஜர் பொருத்தக்கூடியவர்களுக்கானது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), கொண்டோ குடியிருப்பாளர்களுக்கான பதில்கள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. ஆனால் முதல் மூன்று பதில்களை அவர்களும் படித்துவிட்டு அங்கே போவது நல்லது. கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஷோரூமில் 7.4, 60, 150 என்று மூன்று எண் சொன்னார்கள். எது எதைக் குறிக்கிறது?

60 என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பது. அதன் அலகு கிலோவாட் மணி. ஊரில் யூனிட் என்போமே, அதேதான். மாதம் வரும் எஸ்பி பில்லில் மின்சாரத்துக்கு எதிரே இருக்கும் எண்ணும் இந்த அலகில்தான் வருகிறது. 7.4 என்பது சார்ஜர் அந்த மின்சாரத்தை எந்த வேகத்தில் கொடுக்கும் என்பது. 7.4 கிலோவாட் சார்ஜர் ஒரு மணி நேரம் ஓடினால் 7.4 யூனிட் தரும்.

150 என்பதற்கும் வீட்டு சார்ஜுக்கும் சம்பந்தம் இல்லை. அது மோட்டாரின் சக்தியாக இருக்கலாம். வெளியில் உள்ள டிசி விரைவு சார்ஜரில் கார் ஏற்கும் உச்ச வேகமாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே கிலோவாட்தான் அலகு. சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் இன்னும் கொஞ்சம் கூடுதல். 2022 மே முதல், மோட்டார் சக்தி 110 கிலோவாட் வரை உள்ள மின்கார்கள் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) ‘ஏ’ பிரிவில் சேர்கின்றன. அதனால் கிலோவாட் என்று வாயெடுத்தாலே பேச்சு அந்த 110-க்குப் போய்விடுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: “ஏசி சார்ஜில் கார் எத்தனை கிலோவாட் ஏற்கும்? சிங்கிள் ஃபேஸில் எவ்வளவு, த்ரீ ஃபேஸில் எவ்வளவு?” ஏசி என்பது இங்கே ஏர்கான் அல்ல, வீட்டுக்கு வரும் மின்சார வகை. அது ஒரே மின்வழியில் வந்தால் சிங்கிள் ஃபேஸ், மூன்றில் வந்தால் த்ரீ ஃபேஸ். விற்பனையாளர் தடுமாறினால் காரின் தொழில்நுட்ப விவரத்தாளை வாங்கிப் பாருங்கள். அதில் கட்டாயம் இருக்கும்.

ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம்?

7.4 கிலோவாட்டில் சுமார் 40 கிலோமீட்டர். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

கணக்கு இப்படி. சுவரிலிருந்து 7.4 யூனிட் எடுத்தால், வழியில் வெப்பமாகப் போவது போக ஏறத்தாழ 6.6 யூனிட் பேட்டரிக்குள் போகும். நடுத்தர அளவுக் கார் ஒன்று, ஏர்கான் போட்டுக்கொண்டு நம் சாலைகளில் ஓட, 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் தின்னும். 6.6-ஐ 16-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 41. பெரிய எஸ்யூவி என்றால் 33, 34 என்று குறையும். சின்ன கார் என்றால் 45-ஐத் தாண்டும்.

இதை வைத்து இரவைப் பாருங்கள். பதினொரு மணிக்குச் சொருகி காலை ஏழுக்குக் கழற்றினால் எட்டு மணி நேரம்: 53 யூனிட், 330 கிலோமீட்டர். தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை சுமார் 50 கிலோமீட்டர்தான். சாங்கியிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கும் மூன்று மணி நேர சார்ஜ் போதும். மீதி நேரம் கார் சும்மாதான் நிற்கும்.

அதனால்தான் வீட்டு சார்ஜில் வேகத்தைவிடக் கார் நிற்கும் நேரம் முக்கியம் என்று சொல்கிறேன். பெட்ரோல் பங்க் பழக்கத்தில், “முழுசா நிரம்ப எவ்வளவு நேரம்?” என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். வீட்டில் கார் தினமும் காலியாகி வருவதில்லை. நேற்று ஓட்டிய நாற்பது ஐம்பது கிலோமீட்டரை இன்று இரவு திருப்பிப் போடுகிறோம், அவ்வளவுதான்.

22 கிலோவாட் சார்ஜர் போட்டால் மூன்று மடங்கு வேகமாக ஏறுமா?

பெரும்பாலான கார்களில் ஏறாது. இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்கு வருவது ஏசி மின்சாரம். பேட்டரி வாங்கிக்கொள்வது டிசி. மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது, அதை ஆன்போர்டு சார்ஜர் என்பார்கள். சுவரில் தொங்கும் பெட்டியை நாம் சார்ஜர் என்றாலும், அது செய்வது மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் காருக்குள் விடுவதும், “இத்தனை ஆம்பியர்வரை எடுத்துக்கொள்” என்று காருக்குச் சொல்வதும் மட்டுமே. ஆகவே வேகத்தை மூன்று பேர் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்: வீட்டு மின் இணைப்பு, சுவர்ப் பெட்டி, காருக்குள் இருக்கும் மாற்றி. மூன்று பேர் கைகோத்து நடக்கும்போது மெதுவாக நடப்பவரின் வேகந்தான் எல்லாருக்கும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் எளிது. இங்கே வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதை 32 ஆம்பியரால் பெருக்கினால் 7.4 கிலோவாட், இது சிங்கிள் ஃபேஸ். த்ரீ ஃபேஸில் ஒவ்வொரு ஃபேஸிலும் 16 ஆம்பியர் எடுத்தால் 11 கிலோவாட், 32 ஆம்பியர் எடுத்தால் 22 கிலோவாட்.

இப்போது கார்களைப் பாருங்கள். இங்கே தெருவுக்குத் தெரு தென்படும் பிஒய்டி ஆட்டோ 3, ஏசியில் சுமார் 7 கிலோவாட்தான் ஏற்கும், அதுவும் சிங்கிள் ஃபேஸில். அதை 22 கிலோவாட் பெட்டியில் மாட்டினாலும் ஒரு ஃபேஸை மட்டும் எடுத்துக்கொண்டு 7-லேயே நிற்கும். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டும் த்ரீ ஃபேஸில் 11 கிலோவாட்வரை ஏற்கும், அதற்கு மேல் இல்லை. ஏசியில் 22 ஏற்கும் கார்கள் உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணலாம். பலவற்றில் அது கூடுதல் காசுக்கு வாங்கும் வசதி.

என் கருத்து இதுதான். வீட்டுக்கு ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்து, காரும் 11 ஏற்கும் என்றால் 11 போடுங்கள். பெட்டியின் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. சார்ஜுக்காகவே சிங்கிள் ஃபேஸைத் த்ரீ ஃபேஸாக மாற்றுவது வேண்டாத செலவு. வீட்டையே இடித்துக் கட்டுகிறீர்கள், லிஃப்ட் வைக்கிறீர்கள் என்றால் வேறு பேச்சு.

ஒரு எச்சரிக்கை. 11 கிலோவாட் என்று எழுதியிருக்கும் கார் சிங்கிள் ஃபேஸில் எவ்வளவு எடுக்கும் என்பதைத் தனியாகக் கேளுங்கள். டெஸ்லா போன்றவை 32 ஆம்பியர் எடுத்து 7.4-ஐ எட்டிவிடும். ஃபேஸ் ஒன்றுக்கு 16 ஆம்பியரோடு நின்றுவிடும் மாற்றி உள்ள காரில் 3.7 கிலோவாட்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?

வீட்டின் மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் இருக்கும் டிபி பெட்டியின் கதவைத் திறந்து மெயின் சுவிட்சைப் பாருங்கள். இரண்டு முனை உள்ளதாக இருந்தால் சிங்கிள் ஃபேஸ். நான்கு முனை, மேலே 400 வோல்ட் என்று எழுதியிருந்தால் த்ரீ ஃபேஸ். அதே சுவிட்சில் 63ஏ, 100ஏ என்பதுபோல் ஓர் எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உள்ளே திருகி வைத்திருக்கும் மூடியைக் கழற்ற வேண்டாம். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து உறுதி செய்வார்.

ஏர்கான், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஓடும்போது காரையும் போட்டால் டிரிப் ஆகுமா?

ஆகலாம். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சிராங்கூன் கார்டன் பக்கத்தில் ஒரு பழைய இணைப்பு வீடு, சிங்கிள் ஃபேஸ், மெயின் சுவிட்ச் 63 ஆம்பியர். 63-ஐ 230-ஆல் பெருக்கினால் 14.5 கிலோவாட். வீடு முழுக்க ஒரே நேரத்தில் எடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

மாலை ஏழரை மணி. கார் வந்ததும் சொருகியாயிற்று: 7.4. மூன்று அறைகளில் ஏர்கான், ஆளுக்கு ஒரு கிலோவாட் என்று வைத்தால் 3. குளியலறையில் தொட்டி வைத்த ஹீட்டர்: 3. இதுவரை 13.4. குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து ஒன்றை நெருங்கிவிடும். இந்த நேரம் பார்த்து யாராவது டீ போடக் கெட்டிலைத் தட்டினால் இன்னொரு 2.2. எல்லை தாண்டியாயிற்று. சுவிட்ச் அந்த நொடியே விழாமல் கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் விழும். தீபாவளிக்கு முந்தின இரவு, இண்டக்‌ஷன் அடுப்பில் முறுக்குச் சட்டி, ஹாலில் விருந்தாளிகள், எல்லா ஏர்கானும் ஓட்டம் என்கிற நேரத்தில் விழுந்தால் பழி முழுக்கக் காரின் மேல்தான்.

இதற்கு மூன்று வழி உண்டு. செலவே இல்லாதது, காரிலோ ஆப்பிலோ சார்ஜ் தொடங்கும் நேரத்தை இரவு பதினொன்று என்று வைப்பது. அடுப்பும் ஹீட்டரும் அடங்கியபின் இடம் தாராளமாக இருக்கும். அடுத்தது, சார்ஜரை 32-இலிருந்து 20 ஆம்பியருக்குக் குறைப்பது. அப்போதும் 4.6 கிலோவாட் வரும், மணிக்கு 25 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்தில் 200. நாளைக்கு 40 ஓட்டுகிறவருக்கு இதுவே அதிகம். மூன்றாவது, மின்சுமையைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும் சார்ஜர். மெயின் கேபிளைச் சுற்றி ஓர் உணரியைக் கவ்விவிடுவார்கள். வீடு அதிகம் இழுத்தால் காருக்குப் போவது குறையும், வீடு அடங்கினால் கூடும். புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் 22 கிலோவாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை இந்த வசதிக்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று. ஹீட்டர் பத்து நிமிடம் ஓடி நிற்கும், ஏர்கான் கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். கார் 32 ஆம்பியரை ஐந்தாறு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். அதனால் சார்ஜருக்குத் தனி கேபிள், 40 ஆம்பியர் தனி பிரேக்கர், தனி கசிவுப் பாதுகாப்பு வேண்டும். பக்கத்திலிருக்கும் ஏர்கான் லைனிலிருந்து இழுத்துத் தருகிறேன், செலவு குறையும் என்று எவராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சாதாரண மூன்று முள் பிளக்கில் போடக்கூடாதா? வெளிநாட்டுக் காணொளிகளில் போடுகிறார்களே?

இங்கே கூடாது. 13 ஆம்பியர் சாக்கெட் மணிக்கணக்காக உச்ச மின்னோட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே இருக்கும் உலோகப் பிடி தளர்ந்திருந்தால் சூடேறும், பிளாஸ்டிக் உருகும். சிங்கப்பூரில் மின்வாகன சார்ஜர் எதுவானாலும் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வாங்கிய, அங்கீகாரம் இல்லாத கேபிள் சட்டப்படியும் சிக்கல். வீட்டில் தீப்பிடித்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி கேட்கும்.

வேகத்தைப் பார்த்தாலும் அதில் பெரிய லாபமில்லை. 10 ஆம்பியரில் 2.3 கிலோவாட், மணிக்கு 13 கிலோமீட்டர்.

வீட்டு சார்ஜரையும் பதிவு செய்ய வேண்டுமா?

ஆம். மின்வாகன மின்னூட்டுச் சட்டம் 2023 டிசம்பர் 8 அன்று நடப்புக்கு வந்தது. சுவரில் நிலையாகப் பொருத்தும் சார்ஜரைப் பயன்படுத்தத் தொடங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்த வீட்டுப் போர்ச்சில் இருப்பதும் இதில் அடங்கும். பொதுவாகப் பொருத்தித் தரும் நிறுவனமே இதைச் செய்துவிடும். விலைப்பட்டியலில் பதிவும் சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பொருத்தும் முறைக்கு இங்கே பின்பற்றப்படும் தொழில்நுட்ப நெறி டிஆர் 25. நிறுவனத்தார் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்போல் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

7.4 கிலோவாட் சார்ஜர்தான், ஆனால் ஆப்பில் 6.8 என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. திரையில் வோல்ட்டையும் ஆம்பியரையும் சேர்த்துப் பாருங்கள். 228 வோல்ட், 30 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கல் 6.84. மின்னழுத்தம் 230-ஐ ஒட்டிக் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். சில கார்கள் 32 முழுவதையும் எடுக்காமல் 30, 31-இல் நின்றுகொள்ளும். சில கார்களின் திரை, மாற்றத்தில் போன இழப்பைக் கழித்துவிட்டுப் பேட்டரிக்குள் போவதை மட்டும் காட்டும். அப்போது 6.5 என்றுகூடத் தெரியும்.

பாதிக்குப் பாதியாக 3.6, 3.7 என்று காட்டினால் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் யாரோ காரின் மெனுவில் ஆம்பியரை 16-க்குக் குறைத்து வைத்திருப்பார்கள். பிளக் சூடாகி, கார் தானாகவே குறைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சார்ஜரில் திடீரென்று இப்படி ஆனால், பிளக்கின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டரில் 40 யூனிட் ஓடியிருக்கிறது, காரில் 36 தான் ஏறியிருக்கிறது. மீதி எங்கே?

ஏசியை டிசியாக மாற்றும்போது வெப்பமாகப் போயிற்று. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் போவது சாதாரணம். சார்ஜ் ஏறும்போது காரின் கணினி, பேட்டரியைக் குளிர்விக்கும் பம்ப் எல்லாம் விழித்திருக்கும். அவை எடுப்பதும் இதில் சேரும். மெதுவாக ஏற்றினால் மிச்சமாகும் என்று நினைத்து 6 ஆம்பியரில் இரவெல்லாம் போடுகிறவர்கள் உண்டு. பலன் எதிர்மாறானது: அந்தக் கணினியும் பம்பும் கூடுதல் நேரம் விழித்திருப்பதால் இழப்பின் பங்கு கூடும்.

ஒரு நாள் ஓட்டத்துக்கு எவ்வளவு காசு ஆகும்?

2025-இல் எஸ்பி குழுமத்தின் வீட்டுக் கட்டணம், பொருள் சேவை வரிக்கு முன், யூனிட்டுக்குச் சுமார் 28 காசு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். 9 விழுக்காடு வரியைச் சேர்த்தால் 30 காசு சொச்சம். 40 கிலோமீட்டருக்குப் பேட்டரியில் 6.4 யூனிட், இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வெள்ளிக்குச் சற்று அதிகம். திறந்த மின்சாரச் சந்தையில், இரவில் குறைந்த கட்டணம் தரும் திட்டங்கள் அவ்வப்போது வரும். ஆனால் பகல் கட்டணம் அதில் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் நாள் முழுக்க ஏர்கான் ஓடும் முதியவர்கள் இருந்தால் காரில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும்.

தினமும் 100 விழுக்காடு ஏற்றலாமா, 80-இல் நிறுத்த வேண்டுமா?

பேட்டரி வகையைப் பொறுத்தது. எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் (பிஒய்டியின் பிளேடு பேட்டரி இந்த வகை) அவ்வப்போது 100 வரை ஏற்றுவது நல்லது. அதன் மின்னழுத்தம் நடுப்பகுதியில் அதிகம் மாறாததால், எவ்வளவு மிச்சம் என்று கணினி கணிக்கக் கடினம். முழுசாக ஏறும்போதுதான் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். நிக்கல் கலந்த என்எம்சி வகையில் அன்றாடம் 80-ஐ ஒட்டி நிறுத்திவிட்டு, நெடும்பயணத்துக்கு முன் மட்டும் 100 ஏற்றுங்கள். உங்கள் கார் எந்த வகை என்பதைக் கையேடு சொல்லும். கையேடு சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் கையேட்டைக் கேளுங்கள்.

குளிரில் சார்ஜ் மெதுவாகும் என்று வெளிநாட்டுப் பேச்சுகளில் கேட்டுப் பயப்பட வேண்டாம், நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் எதிரி வெயில். முழுசாக ஏற்றிய காரைத் திறந்தவெளி நிறுத்தத்தில் நாள்கணக்கில் விடுவது பேட்டரிக்கு ஆகாது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போங்கள்.

கடைசி 20 விழுக்காடு மெதுவாகத்தான் ஏறும் என்கிறார்களே?

அது டிசி விரைவு சார்ஜரில். 100 கிலோவாட்டில் ஏறிக்கொண்டிருப்பது 80-ஐத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். வீட்டில் 7.4 என்பது பேட்டரிக்குச் சின்ன விஷயம். 95 தாண்டும்வரை ஏறத்தாழ அதே வேகத்தில் போகும்.

மழையில் போர்ச்சில் சார்ஜ் போடலாமா?

போடலாம். டைப் 2 எனப்படும் ஏசி சார்ஜ் பிளக் காருக்குள் சரியாகப் பூட்டிக்கொண்டு, காரும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசி முடிக்கும்வரை மின்சாரம் வராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாரல் அடிக்கும் இடமாக இருந்தால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றிய பிளக்கைத் தரையில் போடாமல் அதன் கொக்கியில் மாட்டுங்கள். வெள்ளம் தேங்கும் தெரு என்றால் பெட்டியை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிளக்கிலோ கேபிளிலோ விரிசல் இருந்தால் மழையிலும் வேண்டாம், வெயிலிலும் வேண்டாம்.

வீட்டில் இரண்டு மின்கார். இரண்டு சார்ஜர் வேண்டுமா?

ஒன்றே போதும், இரவு மாற்றி இரவு போடுங்கள். அப்பா, மகன் இருவருமே தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள் என்றால்தான் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பெட்டிகளைப் பற்றி யோசிக்கலாம்.

நாங்கள் வீவக வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு என்ன வழி?

சொந்த சார்ஜர் வைக்க முடியாது. வீட்டிலிருந்து கீழே கேபிள் விடுவதும் கூடாது. கார் நிறுத்துமிடத்தில் உள்ள பொது சார்ஜர்தான் வழி. 2030-க்குள் தீவு முழுதும் 60,000 சார்ஜிங் இடங்கள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. வீவக நிறுத்துமிடங்களில் அமைக்கும் பணியை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் துணை நிறுவனமான இவிஇ கவனிக்கிறது.

அங்கே பெரும்பாலும் இருப்பவை 7.4 கிலோவாட் சார்ஜர்கள். ஆகவே மேலே போட்ட மணிக்கு 40 கிலோமீட்டர் கணக்கு அப்படியே பொருந்தும். வித்தியாசம் இரண்டு. கட்டணம் வீட்டுக் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மற்றது, தினமும் அந்த இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தினம் கொஞ்சம் என்பதற்குப் பதில் வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு என்று திட்டமிடுவது நல்லது. 60 யூனிட் பேட்டரியில் 20-இலிருந்து 80 விழுக்காடு ஏற ஐந்தரை மணி நேரம் ஆகும். அது 225 கிலோமீட்டர், நாளைக்கு 40 ஓட்டினால் ஐந்து நாளுக்கு மேல் வரும். சார்ஜ் முடிந்தும் நகராத காருக்குச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் போடும். இரவு பத்துக்குப் போட்டு விடிகாலை மூன்றரைக்கு எழுந்துபோய்க் கழற்ற யாராலும் முடியாது. இரவு நேரத்துக்கு அந்தக் கட்டணம் உண்டா என்று ஆப்பில் முதலிலேயே பாருங்கள்.

கீழே டிசி சார்ஜரும் இருந்தால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் விலை அதில் இன்னும் கூடுதல்.

கொண்டோவில் நிர்வாகக் குழு சம்மதிக்க மாட்டேன் என்கிறது.

சட்டம் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. சார்ஜர் நிறுவனத்துக்கு இடத்தைப் பத்தாண்டு வரை குத்தகைக்கு விடுவது போன்ற முடிவுகளுக்கு, முன்பு தேவைப்பட்ட பெரும் பெரும்பான்மைக்குப் பதில், இப்போது பொதுக் கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட வாக்கு போதும். செலவுக்கு, 2021-இல் தொடங்கிய மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது: சார்ஜர் ஒன்றுக்கு ஆகும் செலவில் பாதி, உச்சமாக 4,000 வெள்ளி. விண்ணப்பம் இன்னும் திறந்திருக்கிறதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் எதிர்ப்பு எழுவது பெரும்பாலும், “கட்டடத்தின் மின்சாரம் தாங்காது” என்ற பேச்சில். இதற்கு எண்ணோடு போங்கள். பத்து சார்ஜர், ஒவ்வொன்றும் 7.4 என்றால் 74 கிலோவாட் என்றுதான் எதிர்த்தரப்பு கணக்குப் போடும். சுமையைப் பகிரும் அமைப்பில், பத்துக்கும் சேர்த்து 37 கிலோவாட் என்று எல்லை போட்டுவிடலாம். பத்துக் காரும் ஒரே நேரத்தில் நின்றாலும் ஆளுக்கு 3.7 கிடைக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் 165 கிலோமீட்டர். பாதிக் கார்கள் நள்ளிரவுக்குள் நிறைந்துவிட்டால் மிச்சமுள்ளவற்றுக்கு வேகம் தானே கூடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரிடம், ஒரு வார இரவுகளில் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து தரச் சொல்லி அந்தத் தாளையும் மேசையில் வையுங்கள்.

கோலாலம்பூருக்குப் போக வேண்டும். வீட்டு சார்ஜ் போதுமா?

கிளம்புவதற்குப் போதும், போய்ச் சேர்வதற்கு ஒருமுறை வழியில் நிறுத்த வேண்டிவரலாம். தூரம் சுமார் 350 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் ஓடும்போது கார் 100 கிலோமீட்டருக்கு 16 அல்ல, 18 முதல் 20 யூனிட்வரை தின்னும். 60 யூனிட் பேட்டரி 300-ஐத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தீரும். டிசி வேகம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். காபி குடித்துவிட்டு வரும் அரை மணி நேரத்தில் வேண்டிய அளவு ஏறிவிடும். அங்கேயும் டிசி சார்ஜுக்கு இங்குள்ள அதே சிசிஎஸ் 2 வகைப் பிளக்தான், மாற்றிக்கம்பி எதுவும் வேண்டாம். ஆனால் ஆப்கள் வேறு. கிளம்புமுன்னே அவற்றை இறக்கி, கடன் அட்டையைச் சேர்த்துவைத்துவிட்டுப் புறப்படுங்கள். சாலையோரம் நின்றுகொண்டு ரோமிங்கில் கடவுச்சொல்லுக்குக் காத்திருப்பது பெரும் பாடு.

வீட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 100 ஏற 7.4 கிலோவாட்டில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்லண்ட்ஸ் நெரிசலைத் தவிர்க்க விடிகாலை ஐந்துக்குக் கிளம்புவதாக இருந்தால், முந்தின இரவு ஒன்பதரைக்குள் சொருகிவிடுங்கள். பதினொரு மணிக்கு என்று வைத்திருந்த நேர அமைப்பை அன்றைக்கு மட்டும் நீக்கிவிட மறக்காதீர்கள்.